கூடலூர் ரத்தமும் கோத்தகிரி ரத்தமும்: மரபணு வெளிப்பாட்டில் மூதாதை வழியைப் பிரித்தறிதல்

எச்பிஜி2 மரபணுவின் வெளிப்பாடு, அதாவது ரத்தத்தில் அதன் ஆர்என்ஏ அளவு, கூடலூர் மாதிரிகளில் ஏறியும் கோத்தகிரி மாதிரிகளில் இறங்கியும் இருக்கிறது. பி மதிப்பும் (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) மிகச் சிறியது. இப்படி ஒரு வரி திரையில் வந்தால் அதற்கு ஆறேழு காரணங்கள் இருக்கலாம். மூதாதை வழி அவற்றில் ஒன்றுதான். ஊரின் உயரம், மழைக்காலத்துக் காய்ச்சல், டியூப் அறை வெப்பத்தில் கிடந்த நேரம், ஆய்வகத்தில் எந்தப் பிளேட்டில் (குழித்தட்டில்) ஓடியது, ரத்தத்தில் ரெட்டிக்குலோசைட் (இளம் சிவப்பணு) எத்தனை சதவீதம் என்று மற்றவை வரிசையில் நிற்கின்றன. நீலகிரியில் இவை எல்லாம் மூதாதை வழியோடு ஒட்டிக்கொண்டே வரும். யார் எந்த உயரத்தில் குடியிருக்கிறார்கள் என்பதே இங்கே சமூகத்தோடு பிணைந்த விஷயம்.

கீழே உள்ளது நடந்து முடிந்த ஆய்வின் முடிவறிக்கை அல்ல. இந்த மாவட்டத்தில் இப்படி ஓர் ஆய்வு செய்தால் எங்கெங்கே வழுக்கும் என்று காட்டுவதற்காக அமைத்த நிகழ்வு. இடங்களும் மரபணுக்களும் கருவிகளும் நிஜமானவை. 240 பேர் என்பது கணக்குக்காக வைத்துக்கொண்டது.

எச்பிஜி2-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் பண்பை (திரிபின் ஒரு பிரதி மட்டும் இருப்பது) முதலில் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். லேமனும் கட்புஷும் 1952-இல் வெளியிட்டார்கள். கருப்பருவ ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தால் அரிவாள் செல் நோயின் கடுமை குறையும். அந்த ஹீமோகுளோபினின் காமா சங்கிலியைத் தரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று எச்பிஜி2. இந்தியாவில் அரிவாள் செல் திரிபு பெரும்பாலும் அரபு-இந்திய ஹாப்லோடைப் என்ற குரோமோசோம் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எச்பிஜி2-க்கு முன்னால் 158-ஆம் இடத்தில் சி-க்குப் பதில் டி இருக்கும் மாற்றமும் அதே துண்டில் இருக்கிறது. அந்த மாற்றம் காமா குளோபினைக் கூட்டுவதோடு தொடர்புள்ளது. இவை தவிர, 2-ஆம் குரோமோசோமில் பிசிஎல்11ஏ, 6-ஆம் குரோமோசோமில் எச்பிஎஸ்1எல்-மிப் இடைவெளி என்று தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் இடங்களும் உண்டு. பக்கத்திலும் தூரத்திலும் ஒரே சமயத்தில் மூதாதை வழி வேலை செய்யக்கூடிய மரபணு என்பதால் பாடத்துக்குப் பொருத்தம்.

யாரை, எங்கே, எப்போது

எளிதாகத் தோன்றும் திட்டம் இது: கூடலூர்-பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக் குறும்பர் 120 பேர், கோத்தகிரி-குன்னூர் பக்கம் படுகர், இருளர், குறும்பர் 120 பேர். இதைச் செய்தால் ஆய்வு அங்கேயே முடிந்தது. கூடலூர் சுமார் 1,070 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர். இடமும் உயரமும் மூதாதை வழியும் ஒரே கோட்டில் விழுந்துவிட்டால் எந்தப் புள்ளியியலும் அவற்றைப் பிரித்துத் தராது.

பிரிப்பதற்கு ஒரு பாலம் வேண்டும். இரண்டு பக்கமும் குடியிருக்கும் ஒரே வழியினர் நீலகிரியில் இருக்கிறார்கள்: 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தாயகம் திரும்பிய தமிழர். பந்தலூர், சேரம்பாடி பக்கமும் இருக்கிறார்கள்; குன்னூர், கோத்தகிரி பக்கமும் இருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பக்கமும் 80 பேர் உள்ளூர்ச் சமூகத்தவர், 40 பேர் தோட்டத் தொழிலாளர். தோட்டத் தொழிலாளரில் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் எச்பிஜி2 வேறுபட்டால் அது உயரத்துக்கும் வாழும் சூழலுக்கும் சேரவேண்டிய கணக்கு. இந்த 80 பேர் இல்லாமல் உயரம் என்ற மாறியைச் சமன்பாட்டில் சேர்ப்பது வெறும் அலங்காரம்.

சமூகப் பெயரைப் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம், எழுதத்தான் வேண்டும். ஊர் மூப்பரிடம் பேசவும், ஒப்புதல் பெறவும், முடிவைத் திருப்பிச் சொல்லவும் அது தேவை. ஆனால் சமன்பாட்டுக்குள் மூதாதை வழிக்குப் பதிலாக அதை வைக்கக் கூடாது. அம்மா பணியர், அப்பா தோட்டத் தமிழர் என்றால் படிவம் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும், மரபணுத்தொகை இரண்டையும் வைத்திருக்கும். தாத்தா பாட்டி நால்வரும் எந்த ஊர் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுவது இதைவிடப் பயனுள்ளது. பின்னால் துண்டு நீளத்தைச் சரிபார்க்க அது கைகொடுக்கும்.

மாதம்: பிப்ரவரி, மார்ச். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரி-குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை. ஜூலையில் இரண்டு இடத்திலும் எடுத்தால் ஒரு பக்கம் அடைமழையும் காய்ச்சலும், மறுபக்கம் சாரல். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் இந்த வேறுபாட்டை உடனே காட்டும், பார்ப்பவர் அதை மூதாதை வழி என்று எழுதிவிடுவார். நேரம்: காலை, பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு) முன்பு. ஏற்றத்தில் இரண்டு மணி நேரம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவரின் வெள்ளணு விகிதம் வீட்டிலிருந்து நேராக வந்தவருடையது போல இருக்காது.

டியூப்

வரிசை முக்கியம். முதலில் ரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ டியூப், டிஎன்ஏவுக்கும் ரத்த எண்ணிக்கைக்கும் எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும்) சோதனைக்கும். கடைசியில், ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் மருந்துள்ள பேக்ஸ்ஜீன் ஆர்என்ஏ டியூப். அதில் 2.5 மி.லி. ரத்தம் விழவேண்டும். பட்டர்ஃப்ளை ஊசியில் நேராக இதையே முதலில் மாட்டினால் குழாயில் உள்ள காற்று உள்ளே போய் ரத்தம் குறையும், மருந்துக்கும் ரத்தத்துக்கும் உள்ள விகிதம் கெடும். எடுத்ததும் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது.

பிறகு அறை வெப்பத்தில், அதாவது 18 முதல் 25 டிகிரி செல்சியஸில், குறைந்தது 2 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம். உறைய வைப்பதானால் கம்பி ஸ்டாண்டில் நிறுத்தி முதலில் மைனஸ் 20, ஒரு நாள் கழித்து மைனஸ் 70 அல்லது 80. தெர்மோகோல் ஸ்டாண்டில் வைத்து உறையவிட்டால் டியூப் விரிசல் விடும்.

மலையில் சிக்கல் ‘அறை வெப்பம்’ என்ற சொல்லில்தான். பிப்ரவரி இரவில் ஊட்டி வழியாக இறங்கும் பெட்டி 10 டிகிரிக்குக் கீழே போகும், மறுநாள் மதியம் மேட்டுப்பாளையத்தில் வண்டிக்குள் 35-ஐத் தாண்டும். ஐஸ் போடாத, கனத்த சுவருள்ள பெட்டியும் உள்ளே பதிவு செய்யும் வெப்பமானியும் வேண்டும். கூடலூர் டியூப் ஆய்வகம் சேர 30 மணி நேரமும் கோத்தகிரி டியூப் 6 மணி நேரமும் ஆனால் அந்த வித்தியாசமும் மூதாதை வழிபோல வேடம் போடும். கோத்தகிரி டியூப்களையும் வேண்டுமென்றே காத்திருக்க வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேர அளவில் உறைய வைப்பது சரியான வழி. வீணாகக் காக்க வைப்பதாகத் தோன்றும். ஆனால் செய்யத்தான் வேண்டும்.

ஆர்என்ஏ பிரிக்கும் எந்திரம் ஒரு தடவைக்கு 12 டியூப் ஏற்றும் வகை என்றால் பங்கீடு கச்சிதமாக வரும்: கூடலூர் உள்ளூரார் 4, கூடலூர்த் தோட்டம் 2, கோத்தகிரி உள்ளூரார் 4, கோத்தகிரித் தோட்டம் 2. இப்படி 20 தொகுதி. 96 குழிப் பிளேட்டில் 7 தொகுதி, 84 மாதிரி. மிஞ்சிய குழிகளில் சிலவற்றில் எல்லாப் பிளேட்டுக்கும் பொதுவான ஒரே ஆர்என்ஏ.

இந்தப் பங்கீட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2007-இல் நடந்ததே போதும். ஸ்பீல்மன் குழுவினர் ஐரோப்பிய வழியினருக்கும் ஆசிய வழியினருக்கும் இடையே, பார்த்த சுமார் 4,200 மரபணுக்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளிப்பாடு வேறுபடுகிறது என்று வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஏக்கி குழுவினர், வெளிப்பாட்டை அளக்கும் சிப் ஓட்டிய தேதிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பிய மாதிரிகள் பெரும்பாலும் 2003-2004-இல் ஓடியவை, ஆசிய மாதிரிகள் 2005-2006-இல். தேதியும் மக்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்திக் கிடந்ததால், எவ்வளவு தேதியின் வேலை, எவ்வளவு மக்களின் வேலை என்று அந்தத் தரவிலிருந்து பிரிக்க வழியே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

தூரத்து மரபணு எப்படிப் பக்கத்து மரபணுபோல வேடம் போடுகிறது என்பதை எண்ணில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். இரண்டு மூதாதை வழி, பாதிப் பாதி, கலக்காதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எச்பிஜி2 இருக்கும் 11-ஆம் குரோமோசோமில் ‘அ’ என்ற ஸ்னிப் (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாற்றம்). அது காணப்படும் வீதம் ஒரு வழியில் 0.1, இன்னொன்றில் 0.7. 2-ஆம் குரோமோசோமில் ‘ஆ’; ஒன்றில் 0.2, மற்றதில் 0.8. வேறு வேறு குரோமோசோம் என்பதால் ஒவ்வொரு வழிக்குள்ளும் இவற்றுக்குத் தொடர்பு இல்லை.

கூட்டத்தைச் சேர்த்தால்? ‘அ’ வகையின் மொத்த மாறுபாடு 0.66 (குழுக்களுக்குள் 0.30, குழுக்களுக்கு இடையே 0.36). ‘ஆ’ வகைக்கு 0.68. இரண்டுக்கும் இடையே இணைமாறுபாடு 0.36. தொடர்பு 0.54, அதன் வர்க்கம் 0.29. ‘ஆ’ ஒரு மரபணுவின் வெளிப்பாட்டு மாறுபாட்டில் 20 சதவீதத்தை நிஜமாகவே விளக்குகிறது என்றால், ஒரு சம்பந்தமும் இல்லாத ‘அ’ 5.8 சதவீதத்தை விளக்குவதாகக் காட்டும். 60 பேரில் பி மதிப்பு 0.06-ஐ ஒட்டி வரும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 240 பேரில் 0.0002. ஆள் கூடினால் பிழை தேயாது, இன்னும் உறுதியாகத் தெரியும். ‘சாம்பிள் கொஞ்சம்தான், பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்க்கலாம்.

முழு மரபணுத்தொகை அளவில் மூதாதை வழியைச் சேர்த்துவிட்டால் இந்த எடுத்துக்காட்டில் ‘அ’ காட்டும் தொடர்பு மறைந்துவிடும், குழுக்களுக்குள் தொடர்பே இல்லை என்பதால்.

பிசி கோடுகளும் சொந்தக்காரர்களும்

ஜெனோடைப்பிங் (ஒவ்வொருவரின் ஸ்னிப்களையும் படிப்பது) முடிந்ததும் பிளிங்க் மென்பொருளில் ஸ்னிப்களைச் சலிக்க வேண்டும்: 200 ஸ்னிப் சாளரம், 50 நகர்வு, தொடர்பின் வர்க்கம் 0.2-க்கு மேல் இருந்தால் ஒன்றை நீக்கு. 6-ஆம் குரோமோசோமில் 25 முதல் 35 மெகாபேஸ் (பத்து லட்சம் பேஸ்) வரை உள்ள, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் செறிந்த எச்எல்ஏ பகுதியையும், 8-ஆம் குரோமோசோமில் 8 முதல் 12 மெகாபேஸ் வரை உள்ள தலைகீழ்ப் பகுதியையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு பிசி (மரபணு வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டும் அச்சு; பிசிஏ முறை தருவது) முழுவதும் அந்த ஒரு துண்டுக்கே போய்விடும்.

இதுவரை புத்தகத்தில் உள்ளது. மலையில் கவனிக்க வேண்டியது உறவுமுறை. சிறு சமூகம், பல தலைமுறை அகமணம், மாமன் மகள், அத்தை மகன் கட்டும் வழக்கம். இந்த நிலையில் நேராக பிசிஏ ஓட்டினால் மூன்றாவது, நான்காவது பிசி ஒரு பதியின் (பழங்குடிக் குடியிருப்பின்) ஒரு குடும்பத்தைத் தனியே இழுத்துக்கொண்டு நிற்கும். அதை ஆய்வாளர் ‘தனி மூதாதை வழி’ என்று வாசிப்பார். அது ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள். முதலில் கிங் முறையில் உறவுக் கெழுக்களை (இருவர் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்ற எண்களை) எடுத்து, 0.0442-க்கு மேல் உறவில்லாதவர்களைக் கொண்டு பிசி அச்சுகளை அமைத்து, மற்றவர்களை அவற்றின் மேல் ஏற்ற வேண்டும். பிசி-ஏர் செய்வது இதைத்தான். பிறகு பிசி-ரிலேட் மூலம், மூதாதை வழியைக் கழித்த உறவுக் கெழுவை மறுபடி எடுக்க வேண்டும்.

கெழுவை வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை. உடன்பிறந்தவர்களுக்கு 0.25 என்பது பெற்றோர் சொந்தமில்லாதபோது. பெற்றோர் மாமன்-அத்தை மக்கள் என்றால் 0.28, அக்கா மகளைக் கட்டியிருந்தால் 0.31. மாதிரி மாறிவிட்டது, டியூப் கலந்துவிட்டது என்று இப்படிப்பட்டவர்களைத் தூக்கி எறிய வேண்டாம்.

இந்தக் கெழு அணியை ரேண்டம் எஃபெக்டாக வைத்த கலப்புச் சமன்பாட்டில்தான் (மிக்ஸ்ட் மாடல்) ஈக்யூடிஎல் சோதனையை, அதாவது எந்த ஸ்னிப் எந்த வெளிப்பாட்டை மாற்றுகிறது என்ற தேடலை, ஓட்ட வேண்டும். பெயர்களைக் கலைத்துப் போட்டு பி மதிப்பு எடுக்கும் பர்மியூட்டேஷன் முறை, எல்லாரும் இடம் மாற்றக்கூடியவர்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. அண்ணன் தம்பிகள் நிறைந்த தரவில் அது பொய்.

அட்மிக்ஸ்சர் (ஒருவரிடம் எந்த மூதாதை வழி எவ்வளவு என்று மதிப்பிடும் மென்பொருள்) நிறப்பட்டைகளை வரைவதில் தவறில்லை, அழகாகத்தான் இருக்கும். ஆனால் கே (எத்தனை வழி என்று நாம் கொடுக்கும் எண்) இரண்டு என்று போட்டதால் இரண்டு மூதாதையர் இருந்தார்கள் என்று ஆகாது. தென்னிந்தியாவில் கலக்காத மூல வழியினர் என்று இன்று யாரும் இல்லை என்பதே 2009-இல் ரைக் குழுவினரின் ஆய்வு காட்டிய படம். மூல வழிக்குப் பணியரும்கூட ஒரு அண்ணளவுதான்.

துண்டளவில் மூதாதை வழி

முழு மரபணுத்தொகைக்கு ஒரே சராசரி எடுத்தால் போதுமா? ஒருவரின் மொத்தத்தில் 60 சதவீதம் ஒரு வழி என்றாலும், 11-ஆம் குரோமோசோமின் குளோபின் பகுதியில் அவருக்கு இரண்டு பிரதியும் மற்ற வழியிலிருந்து வந்திருக்கலாம். அந்த இடத்தில் அவருடைய சராசரி உதவாது. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு மரபணுவின் தொடக்க இடத்திலும் மூதாதைப் பிரதிகளை 0, 1, 2 என்று எண்ணி மாறியாகச் சேர்ப்பது லோக்கல் ஆன்செஸ்ட்ரி முறை. பல திசுக்களில் மரபணு வெளிப்பாட்டை அளந்த ஜிடெக்ஸ் என்ற அமெரிக்கத் திட்டத்தின் எட்டாம் பதிப்பில் கலப்பு மிகுந்த 117 பேரைத் தனியாக எடுத்து ஏழு திசுக்களில் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். துண்டளவில் திருத்தும்போது கண்டறியும் திறன் கூடியது.

அந்தச் செய்முறையை அப்படியே கூடலூருக்குத் தூக்கிவர முடியாது. அமெரிக்கக் கலப்பு சில நூற்றாண்டுகளுக்கு உட்பட்டது, துண்டுகள் நீளமானவை, மூல வழிகள் ஒன்றுக்கொன்று மிகத் தூரம். தெற்காசியக் கலப்பு 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பது 2013-இல் மூர்ஜானி குழுவினரின் கணிப்பு. தலைமுறைக்கு 28 ஆண்டு என்றால் 68 முதல் 150 தலைமுறை. நூறு தலைமுறையில் துண்டின் சராசரி நீளம் ஒரு சென்டிமார்கனை (குரோமோசோம் நீளத்தின் மரபியல் அலகு) ஒட்டிச் சுருங்கிவிடும். துண்டுகளின் வழியைக் கணிக்கும் ஆர்எஃப்மிக்ஸ் போன்ற கருவிக்கு அது மிகக் குட்டை. ஒப்பிட மூல வழி மாதிரியும் கையில் இல்லை. கருவி விடை தராமல் இருக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் நிறம் பூசித் தரும். அந்த நிறத்தை நம்பித் திருத்தினால் பிழையைத் திருத்தமாகச் சேர்த்தவர்கள் ஆவோம்.

ஆனால் கடந்த மூன்று தலைமுறையில் நடந்த கலப்புத் திருமணங்கள் வேறு கதை. மூன்று தலைமுறைத் துண்டு சராசரி 30 சென்டிமார்கன் வரும். தாத்தா பாட்டி ஊர்ப் பட்டியல் இங்கே பயன்படும். அந்த நபர்களுக்கு மட்டும், இந்த ஆய்விலேயே எடுத்த உள்ளூர் மாதிரிகளை ஒப்பீடாக வைத்துத் துண்டு பிரிக்கலாம். ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் இருக்கிறார்கள். பெயரைப் பார்த்துத் தாயகம் திரும்பியோருக்கு அவர்களைக் கண்மூடி ஒப்பீடாக வைக்க வேண்டாம். இலங்கையின் வடகிழக்குத் தமிழரும் மலையகத் தமிழரும் வெவ்வேறு வரலாறு உள்ளவர்கள். பிசி வரைபடத்தில் எங்கே விழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எங்கள் தீர்ப்பு: இந்த மாவட்டத்தில் முதன்மைச் சமன்பாட்டில் 5 பிசி, உறவு அணி. துண்டளவு திருத்தம் கிளைச்சோதனை, அதுவும் மேற்சொன்ன நபர்களிடம் மட்டும்.

வெளிப்பாட்டுப் பக்கம்

முழு ரத்தத்தின் தூது ஆர்என்ஏவில் பாதிக்கு மேல் குளோபினே. வழக்கமாக அதை அகற்றிவிட்டுத்தான் சீக்வென்ஸ் செய்வார்கள். கேள்வியே குளோபின் மரபணு பற்றியது என்னும்போது அகற்றும் கிட் எந்தெந்தக் குளோபினைப் பிடிக்கிறது என்று அதன் தாளில் பார்க்காமல் தொடங்கக் கூடாது. ஆல்பாவையும் பீட்டாவையும் மட்டும் குறிவைத்தாலும், வரிசை ஒற்றுமையால் காமாவும் கொஞ்சம் போகலாம், தொகுதிக்குத் தொகுதி வேறு அளவில் போகலாம். இந்த நிகழ்வில் அகற்றாமல், மாதிரிக்கு வாசிப்பு (சீக்வென்ஸ் எந்திரம் படித்துத் தரும் சிறு துண்டு) எண்ணிக்கையைக் கூட்டுவது நல்லது. செலவு ஏறும்.

இன்னொன்று: எச்பிஜி1, எச்பிஜி2 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வரிசை. குட்டை வாசிப்புகளில் பெரும்பகுதி எதற்கு உரியது என்று சொல்ல முடியாது. பல இடங்களில் பொருந்தும் வாசிப்புகளைத் தள்ளிவிட்டு எண்ணும் நிரலில் இரண்டுமே போலியாகக் குறையும். இரண்டையும் கூட்டி ‘காமா’ என்று ஒரே எண்ணாக வைப்பதே நேர்மை. எச்எல்ஏ மரபணுக்களிலும் இதே வகைத் தொல்லை: ஒப்பீட்டு மரபணுத்தொகையிலிருந்து விலகிய அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) உள்ளவரின் வாசிப்புகள் பொருந்தாமல் விழுந்துபோகும், வெளிப்பாடு குறைந்ததாகத் தெரியும்.

செல் விகிதத்தைச் சேர்க்காமல் ரத்தத்தில் எதையும் சொல்ல முடியாது. நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், ஈயோசினோஃபில் எண்ணிக்கையோடு ரெட்டிக்குலோசைட் சதவீதமும் அதே நாளில் எடுக்க வேண்டும். அரிவாள் செல் நோயாளிகளில் ரெட்டிக்குலோசைட் ஏறும். ஏஎல்ஏஎஸ்2, ஏஎச்எஸ்பி போன்ற சிவப்பணு மரபணுக்கள் கூட்டமாக ஏறும். அவர்கள் ஒரு பக்கத்தில் அதிகம் என்றால் வெளிப்பாட்டுத் தரவின் முதல் அச்சே அவர்கள்தான். அரிவாள் செல் நோய்க்கு ஹைட்ராக்ஸியூரியா எடுப்பவர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்தே காமாவைக் கூட்டுகிறது. நோயாளிகளைத் தனித் தொகுப்பாகவும், பண்பு மட்டும் உள்ளவர்களை முதன்மைத் தொகுப்பிலும் வைப்பது எங்கள் பழக்கம்.

மறைகாரணிகளுக்கு (நேராக அளக்காத, வெளிப்பாட்டுத் தரவிலிருந்தே மதிப்பிடும் காரணிகளுக்கு) பீர் முறையில் ஜிடெக்ஸ் வைத்த வழக்கம் 150 முதல் 250 பேருக்கு 30 காரணி. பக்கத்து ஸ்னிப்பைத் தேடும்போது அதைப் பின்பற்றலாம். ‘மூதாதை வழிக்கும் வெளிப்பாட்டுக்கும் தொடர்பு உண்டா’ என்ற கேள்விக்கு மட்டும் அப்படியே சேர்க்கக் கூடாது. அந்த 30-இல் சில, பிசி 1-ஐயே வேறு பெயரில் சுமந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு காரணிக்கும் பிசி 1-க்கும் உள்ள தொடர்பை முதலில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.

காமாவுக்குத் திரும்பினால்

ஓட்ட வேண்டிய வரிசை இது. முதலில் வயது, பாலினம், தொகுதி, பிளேட் மட்டும். அடுத்து உயரம். கூடலூர்-கோத்தகிரி வேறுபாடு இங்கேயே பாதியாகிவிட்டால், தோட்டத் தொழிலாளர் 80 பேரிடம் மட்டும் அதே வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், தெரிந்தால் சூழல். மூன்றாவது, 5 பிசியும் உறவு அணியும். நான்காவது, செல் விகிதமும் ரெட்டிக்குலோசைட்டும். இதில் ஒரு கத்தி முனை உண்டு. ரெட்டிக்குலோசைட்டே மரபணுவால் மாறுகிறது என்றால் அதைச் சேர்ப்பது விளைவின் ஒரு பாதையையே அடைப்பதாகும். சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விடையையும் அச்சிட வேண்டும். ஐந்தாவது, 158-ஆம் இடத்து மாற்றத்தையும் அரிவாள் செல் திரிபையும் நேரடியாக மாறிகளாகச் சேர்ப்பது. இரண்டுக்கும் இடையே சுமார் 30 ஆயிரம் பேஸ்தான், ஒரே ஹாப்லோடைப்பில் சேர்ந்தே வரும், ஆகவே எது காரணம் என்று இந்தத் தரவு பிரித்துச் சொல்லாது. திரிபு இல்லாமல் மாற்றம் மட்டும் உள்ளவர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் அவர்களிடம் பார்க்கலாம்.

ஐந்தாவது படியில் பிசி 1-இன் விளைவு விழுந்துவிட்டால், ‘மூதாதை வழி’ என்று தெரிந்தது பெரும்பாலும் அந்த ஒரு துண்டு. விழாமல் நின்றால் பிசிஎல்11ஏ, மிப் இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் நின்றால், அளக்காத சூழல் ஏதோ மிச்சம் இருக்கிறது என்ற சந்தேகத்தைத்தான் எழுதலாம். ‘மரபு வேறுபாடு’ என்று எழுத அது போதாது.

எச்பிஎல்சி முடிவு இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. அரிவாள் செல் பண்பு உள்ளதா என்பது திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வேண்டிய செய்தி. ரத்தம் கொடுத்தவரிடம், அவருடைய மொழி பேசும் சுகாதாரப் பணியாளர் மூலம், தனியாகச் சொல்லிவிட வேண்டும். தரவைப் பொதுவில் வைக்கும்போது ஸ்னிப் வாரியான தொகுப்பு எண்களை மட்டும் வைக்கலாம். தோடர் போல மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர் உள்ள சமூகம் ஆய்வில் சேர்ந்தால் வயது, பாலினம், மந்து (தோடர் குடியிருப்பு) ஆகிய மூன்று கட்டங்களே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டங்களை நீக்கிய பிறகுதான் கோப்பு வெளியே போகவேண்டும்.